மொடல் ரயில் ஏலம்: கிளிநொச்சியில் இருந்தபடி தேடி வாங்குவது எப்படி

பார்சலைப் பிரித்தபோது இஞ்சின் என் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. கறுப்பு நிறம், ஆறு சில்லு, பெட்டியோடு வந்த நல்ல சாமான். நான் மேசையில் பூட்டி வைத்திருந்த தண்டவாளத்தில் தூக்கி வைத்தேன். இரண்டு கம்பிக்கும் நடுவே, சிலிப்பர் கட்டை மேல், ஒன்றையும் தொடாமல் நின்றது. என் தண்டவாளம் 16.5 மில்லிமீற்றர். வந்த இஞ்சினுக்கு 9 மில்லிமீற்றர் வேண்டும். ஏலத்தளத்தில் ஓஓ என்ற அளவுக்கான பிரிவுக்குள் கிடந்ததை, படத்தை மட்டும் பார்த்து, அரை நித்திரையில் கேட்டு எடுத்தது அது. விவரத்தின் ஐந்தாவது வரியில் 'என் கேஜ்' என்று விற்றவர் எழுதித்தான் இருந்தார். கேஜ் என்றால் தண்டவாள அகலம், 'என்' என்பது ஆங்கில எழுத்து. என் கேஜ் இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் நிதானமாக வாங்கப் பழகிக்கொண்டேன். இப்போது தொடங்குகிறவர்கள் அந்தக் காசைக் கட்டாமலே பழகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்து கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மொடல் ரயில் விற்கும் கடை இல்லை. ரயிலே இல்லாமல் இருந்த இடம்தானே. 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது 2013 செப்டெம்பர் 14 ஆம் திகதி. இடைப்பட்ட 23 வருடத்தில் எங்கள் வயதுக்காரருக்குத் தண்டவாளம் என்றால் பங்கருக்கு மேல் போடுகிற இரும்பு, சிலிப்பர் என்றால் அதற்குக் குறுக்கே வைக்கிற கட்டை. அதனால்தானோ என்னவோ, வளர்ந்த பிறகு இந்த விளையாட்டு பிடித்துக்கொண்டது. வாங்குவதற்கு வழி இணைய ஏலம்தான். நான் பெரும்பாலும் ஈபேயில் தேடுவதால் இங்கே சொல்வதும் அதை வைத்துத்தான்.

முதலில் அளவு, அதற்கு முன் உறவுக்காரர்

மொடல் ரயிலில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று தண்டவாளத்தின் அகலம், மற்றது உண்மை ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. பிரித்தானியாவில் அதிகம் ஓடுவது ஓஓ, 76 இல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எச்ஓ, 87 இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதான், 16.5 மில்லிமீற்றர். ஆகவே எச்ஓ பெட்டி உங்கள் ஓஓ தண்டவாளத்தில் ஓடும். பக்கத்தில் நிறுத்தினால் அண்ணனும் தம்பியும் போல இருக்கும், அவ்வளவுதான். 'என்' அளவுக்கு 9 மில்லிமீற்றர் தண்டவாளம். அதிலும் பிரித்தானியாவில் 148, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 160, யப்பானில் பெரும்பாலும் 150 என்று விகிதம் மாறும். ஓ அளவுக்கு 32 மில்லிமீற்றர். மேசை போதாது, மண்டபம் வேண்டும். ஹோர்ன்பி என்ற பிரித்தானியக் கம்பனி 2022 இல் டிடி 120 என்று 12 மில்லிமீற்றரில் ஒன்று தொடங்கியிருக்கிறது. புதிது என்பதால் பழைய சாமான் ஏலத்தில் இன்னும் அவ்வளவாகச் சேரவில்லை.

சரி, இதில் எதை எடுப்பது? புத்தகங்கள் வீட்டில் உள்ள இடத்தைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்லும். வன்னியில் இருக்கிற ஒருவருக்கு நான் சொல்வது வேறு: உங்கள் நெருங்கிய உறவு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு அளவை எடுங்கள். மச்சான் லண்டனில் என்றால் ஓஓ. சித்தி ஜேர்மனியில், அல்லது பெரியப்பாவின் மகன் ரொறன்ரோவில் என்றால் எச்ஓ. ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கில் சாமானின் விலையைவிட அது இங்கே வந்து சேரும் செலவுதான் ஆளைத் தின்னும். உள்ளூர்த் தபாலில் அவர்கள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து ஓகஸ்ட் விடுமுறையில் பயணப் பையில் வரும் இஞ்சின்தான் மலிவான இஞ்சின்.

எங்கள் யாழ்தேவியை அப்படியே செய்து ஓடவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு சிக்கல் இருக்கிறது. வடக்குப் பாதை ஐந்தரை அடி அகலம், அதாவது 1676 மில்லிமீற்றர். 76 ஆல் பிரித்தால் 22 மில்லிமீற்றர் வரும். கடையில் கிடைப்பது 16.5. எங்கள் பெட்டியைச் சரியான அகலத்தில் செய்து அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால் இரணைமடுக் கரையில் நிற்கும் கொக்கு மாதிரி, உடம்பு பெரிது, கால் ஒல்லி. எனக்கு அது உறுத்தவில்லை. உறுத்துகிறவர்கள் தண்டவாளத்தைக் கையால் செய்ய வேண்டும். அது இன்னொரு கட்டுரைக்கான வேலை.

தட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன

ஏலத்தளத்தில் விளையாட்டுப் பொருட்கள் என்ற பெரிய பகுதிக்குள் மொடல் ரயில் பிரிவு இருக்கும். அதற்குள் அளவு வாரியாகவும், இஞ்சின், பயணிகள் பெட்டி, சரக்குப் பெட்டி, தண்டவாளம், கட்டடம், மரஞ்செடி என்றும் பிரித்திருப்பார்கள். ஜேர்மன் தளத்தில் இது விளையாட்டுப் பொருளுக்குள் இல்லை, மொடல் கட்டுவதற்கென்று உள்ள தனிப் பகுதியில் இருக்கிறது. இந்தப் பெயர்களும் இடங்களும் அடிக்கடி மாறும், மனப்பாடம் செய்ய வேண்டாம்.

தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான். சாமானை எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவெடுப்பவர் விற்பவர். அவர் மொடல் ரயில் தெரிந்தவராக இருக்கலாம். செத்துப்போன தாத்தாவின் மேல்மாடியை ஒதுக்கிக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம். முதலாமவரிடம் சாமான் சரியான தட்டில், சரியான பெயரில், சரியான விலையில் இருக்கும். இரண்டாமவரிடம் பிழையான தட்டில், அரைகுறைப் பெயரில் இருக்கும். அதைப் பார்க்கிற கண்களும் குறைவு, ஏலம் கேட்கிற ஆட்களும் குறைவு. எனக்கு அந்தச் சுண்டுவிரல் இஞ்சினை வரவைத்த அதே காரணம்தான் பிறகு எனக்கு நல்ல சாமான்களையும் மலிவாகத் தந்தது.

எழுத்துக் குழப்பத்தில் இருந்து தொடங்குவோம். எச்ஓ என்பது 'பாதி பூச்சியம்' என்ற பொருளில் பிறந்த பெயர். ஜேர்மன்காரர் இன்றைக்கும் எச் எழுத்துக்குப் பக்கத்தில் பூச்சிய இலக்கத்தைத்தான் போடுவார்கள். ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஓ எழுத்தைப் போடுவார்கள். ஓஓ அளவிலும் அப்படித்தான். ஒருவர் இரண்டு ஓ எழுத்து அடிப்பார், இன்னொருவர் இரண்டு பூச்சியம் அடிப்பார். கண்ணுக்கு ஒன்று, தேடும் இயந்திரத்துக்கு வேறு வேறு. ஆகவே ஒவ்வொரு தேடலையும் எழுத்திலும் ஒருமுறை, இலக்கத்திலும் ஒருமுறை செய்யுங்கள். முதல் தடவை இதைச் செய்து பார்த்த இரவு, அதுவரை கண்ணில் படாத பக்கங்கள் வந்து விழுந்தன. முறிகண்டியில் பஸ்ஸால் இறங்கிக் கச்சான் வாங்கியது மாதிரி கைநிறைய.

அடுத்தது, மொடல் ரயிலுக்கு வெளியே உள்ள தட்டுகள். மூன்று இடத்தைத் தவறாமல் பார்க்கிறேன்.

பழைய விளையாட்டுச் சாமான் பகுதியில் ஹோர்ன்பி டப்ளோ, ட்ரையாங் போன்ற பழசுகள் கிடக்கும். டப்ளோ 1938 இல் வந்தது, தகரமும் வார்ப்பும். பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அதன் தண்டவாளத்தில் நடுவே மூன்றாவது கம்பி உண்டு. 1959 இல்தான் இரண்டு கம்பி முறைக்கு மாறினார்கள். மூன்று கம்பி இஞ்சின் உங்கள் தண்டவாளத்தில் ஓடாது. அழகுக்கு வைக்க என்றால் வாங்குங்கள்.

சின்ன வாகனப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. ஒக்ஸ்ஃபோர்ட் டைகாஸ்ட் செய்யும் 76 இல் ஒரு பங்கு கார்கள் ஓஓ ரயிலுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அதில் மொரிஸ் மைனர் உண்டு. கடவையில் ரயிலுக்குக் காத்து நிற்க ஒரு மொரிஸ் மைனர் இல்லாமல் அந்தக் காலத்து வடபகுதிக் காட்சி எப்படி? ஆனால் இவை ரயில் பிரிவுக்குள் அதிகம் வராது. விகிதத்தைப் பார்த்து எடுங்கள். கடையில் கிடைக்கும் சாதாரணத் தகரக் கார்கள் பல 64 இல் ஒரு பங்கு. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கார் லொறியாகிவிடும்.

மூன்றாவது, உண்மை ரயிலின் பழைய பொருட்கள் விற்கும் பகுதி. பயணச்சீட்டு, விளக்கு, பெயர்ப்பலகை, பழைய நிழற்படம். எங்கள் பாதையை மொடலாகச் செய்பவருக்குப் படங்கள்தான் பொன். இலங்கை அரசாங்க ரயில்வேயின் பழைய ஆங்கிலச் சுருக்கம் சி.ஜி.ஆர். அதை மட்டும் அடித்தால் தென்னாபிரிக்காவின் கேப் அரசாங்க ரயில்வேயும் சேர்ந்து வரும், ஏனென்றால் அதற்கும் அதே மூன்று எழுத்து. 'சிலோன்' என்ற சொல்லையும் ஆங்கிலத்தில் சேர்த்து அடியுங்கள். 'ஸ்ரீலங்கா' என்று தேடினால் பழைய படங்கள் தப்பிவிடும். அஞ்சலட்டைப் பகுதியையும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.

தேடும் சொற்கள்

எல்லாத் தேடலும் ஆங்கிலத்தில்தான். இயந்திரத்துக்குச் சில குறிகள் புரியும். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள சாமான்கள் விலகும். அடைப்புக்குள் இரண்டு மூன்று சொற்களைக் காற்புள்ளியால் பிரித்துப் போட்டால் அவற்றில் எது இருந்தாலும் வரும். எழுத்து ஓஓவையும் இலக்கப் பூச்சியத்தையும் இப்படி ஒரே தேடலில் அடக்கலாம்.

மொத்தமாக விற்பதைக் குறிக்கப் பிரித்தானியர் 'ஜொப் லொட்' என்பார்கள். ஜேர்மன்காரர் 'கொன்வொலூட்' என்பார்கள். தொடங்குகிறவருக்கு இந்த மூட்டைகள் நல்லது. பத்துச் சரக்குப் பெட்டி, கொஞ்சம் தண்டவாளம், உடைந்த ஒரு இஞ்சின் எல்லாம் ஒன்றாக வரும். பாதி குப்பை, மீதி போதும். பழுதைக் குறிக்கும் சொற்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'ஸ்பெயார்ஸ் ஓர் ரிப்பெயார்', ஜேர்மன் மொழியில் 'டெஃபெக்ட்' அல்லது 'ஃப்யூர் பாஸ்ட்லர்', அதாவது நோண்டத் தெரிந்தவருக்கு. நோண்டத் தெரியாவிட்டால் அந்தச் சொற்களைக் கழித்தல் குறியோடு போடுங்கள்.

எழுத்துப் பிழையையும் தேடுங்கள். ஹோர்ன்பியை 'ஹோர்ன்ஸ்பி' ஆக்கியவர்கள் பலர். ஜேர்மன் கம்பனியான மார்க்லினை மேலே இரண்டு புள்ளியோடு, புள்ளி இல்லாமல், புள்ளிக்குப் பதில் ஈ எழுத்துச் சேர்த்து என்று மூன்று விதமாக எழுதுவார்கள். இன்னொரு ஜேர்மன் கம்பனியான ஃபிளைஷ்மனைச் சரியாக எழுதியவரைக் கண்டால் அவர் ஜேர்மன்காரராகத்தான் இருப்பார்.

பெயரைவிட இலக்கம் நம்பிக்கையானது. ஹோர்ன்பி சாமான்களுக்கு ஆர் எழுத்தில் தொடங்கும் இலக்கம் உண்டு. அதற்கு முந்திய ட்ரையாங்கிலும் அப்படித்தான். ஆர் 52 என்றால் ஜின்ரி எனப்படும் ஆறு சில்லுக் கரி இஞ்சின். பாக்மன் என்ற இன்னொரு கம்பனியின் பெட்டியில் 31, 32 என்று தொடங்கி ஒரு கோடு இருந்தால் அது ஓஓ. 371, 372 என்று தொடங்கினால் கிரஹாம் ஃபாரிஷ், என் அளவு. 2000 ஆம் ஆண்டு பாக்மன் அந்தக் கம்பனியை வாங்கியதால் இரண்டு பெயரும் ஒரே பெட்டியில் இருக்கும், குழம்ப வேண்டாம். பெட்டியின் முனையில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் என் முதல் இஞ்சின் கதை வேறாகியிருக்கும்.

நல்ல தேடல் ஒன்று அமைந்ததும் அதைச் சேமித்து வையுங்கள். புதிய சாமான் வரும்போது தளமே உங்களுக்கு அறிவிக்கும். நான் ஏழு தேடல்களைச் சேமித்திருக்கிறேன், காலையில் தேநீரோடு பார்த்து முடித்துவிடலாம். இன்னொன்று, மரம், விளக்கு, சின்ன மனிதர்கள் தேடினால் சீனாவில் இருந்து ஒரே சாமான் நூறு பக்கத்துக்கு வரும். பொருள் இருக்கும் நாட்டைப் பிரித்தானியா என்று வடிகட்டினால் பக்கம் தெளியும். அந்தச் சீனப் பனைகள் எல்லாம் தென்னையும் ஈச்சையும்தான். எங்கள் பனைமரம் எவரும் விற்பதை நான் காணவில்லை. பன்னாடை நாரிலும் பச்சைக் கடதாசியிலும் நானே செய்துகொண்டேன்.

படத்தையும் விவரத்தையும் வாசிப்பது

விற்பவர் ஒன்றும் எழுதாவிட்டாலும் படம் பேசும். முதலில் கொழுவியை, அதாவது வண்டிகளை ஒன்றோடொன்று பூட்டும் பகுதியைப் பாருங்கள். பிரித்தானிய ஓஓ வண்டியின் முன்னால் ஒல்லியான குறுக்குக் கம்பியும் அதற்கு மேல் வளைந்த கொக்கியும் இருக்கும். 'என்' அளவில் வண்டிக்குப் பொருந்தாத தடிப்பில் ஒரு கறுப்புக் கட்டை துருத்திக்கொண்டிருக்கும். அமெரிக்க எச்ஓ என்றால் மடக்கிய கைவிரல் போன்ற கொழுவி. இந்த ஒன்றை வைத்தே தட்டு பிழையா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

பிறகு அடிப்பக்கப் படம். அது இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மார்க்லின் எச்ஓ இஞ்சினின் வயிற்றில் நீளமான ஒரு சறுக்குத் தகடு இருக்கும். தண்டவாளத்தின் நடுவில் உள்ள புள்ளிகளில் இருந்து கரன்ட் எடுப்பது அது. அகலம் 16.5 என்று நம்பிச் சாதாரண இரண்டு கம்பித் தண்டவாளத்தில் வைத்தால், சில்லுகள் ஒன்றுக்கொன்று மின் தடை இல்லாமல் இணைந்திருப்பதால், உடனே ஷோட் ஆகும். ஜேர்மன் விவரத்தில் 'வெக்செல்ஷ்ட்ரோம்' என்றிருந்தால் அந்த ஆடலோட்ட முறை. 'கிளைஹ்ஷ்ட்ரோம்' என்றால் எங்களுக்கு வேண்டிய நேரோட்டம்.

'அன்டெஸ்டட்' என்ற சொல்லை நம்ப வேண்டாம். கொன்ட்ரோலர், அதாவது தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுத்து வேகத்தை மாற்றும் கருவி, இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லை என்பார்கள். சிலருக்கு அது உண்மை. ஆனால் அதே பக்கத்தில் நாலு கொன்ட்ரோலர் விற்கிறவர் அப்படிச் சொன்னால், ஓட்டிப் பார்த்து ஓடாத சாமான் என்றே எடுத்துக்கொண்டு விலை கேளுங்கள். விற்பவரின் மற்றச் சாமான்களைப் பார்க்க ஒரு நிமிடம்தான்.

டிசிசி என்ற மூன்றெழுத்து வந்தால் கவனம். இஞ்சினுக்குள் இருக்கும் சிப் மூலம் டிஜிட்டல் முறையில் ஓட்டுவது அது. 'டிசிசி ரெடி' என்றால் உள்ளே சிப் இல்லை, வைப்பதற்கு இடம் இருக்கிறது. சாதாரண 12 வோல்ற் கொன்ட்ரோலரில் அப்படியே ஓடும். 'டிசிசி ஃபிற்றட்' என்றால் சிப் இருக்கிறது. தொடக்கத்தில் அது வேண்டாத செலவு.

இரண்டாம் உலகப் போருக்கு முந்திய வார்ப்புச் சாமான்களில் ஒரு வியாதி உண்டு. நாகக் கலவையில் ஈயம் போன்ற அழுக்குச் சேர்ந்திருந்தால் காலப்போக்கில் வீங்கி, வெடித்து, கையில் பொடியாகும். படத்தில் உடம்பு வாழைப்பழம் போல வளைந்திருந்தால், விளிம்பில் மெல்லிய வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். ஒட்ட முடியாது.

தண்டவாளத்தில் 'கோட் 100', 'கோட் 75' என்று இருக்கும். கம்பியின் உயரம் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அது. பழைய ட்ரையாங் சில்லுகளின் விளிம்பு தடிப்பு, 75 இல் சிலிப்பரில் தட்டித் தட்டி ஓடும். மூட்டையில் பழசு வாங்கப் போகிறவர் 100 எடுப்பது நல்லது.

ஏலம் கேட்பது

கேட்பதற்கு முன் விலை தெரிய வேண்டும். வடிகட்டிகளில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் தெரிவு உண்டு. விற்பவர் கேட்கும் விலை ஆசை. விற்ற விலைதான் விலை. அதே இலக்கமுள்ள இஞ்சின் கடைசியாக ஐந்தாறு தடவை என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்த்து, தபால் செலவையும் கூட்டி, ஒரு தொகையை ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஏலம் தெரியும். முல்லைத்தீவுக் கரையில் மீன் கூறு போட்டு ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மீன் பார்த்துக் கேட்பார்கள். கோயில் ஏலத்தில் ஒரு மாம்பழம் ஆயிரக்கணக்கில் போகும். அங்கே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்பார்கள். இணையத்தில் மீன்காரர் மாதிரிக் கேளுங்கள்.

தளம் உங்களுக்காகப் படிப்படியாகக் கேட்கும். ஒரு இஞ்சின் 12 பவுணில் நிற்கிறது, உங்கள் உச்சத் தொகை 25 பவுண் 60 பென்ஸ் என்று வைப்போம். அதை அப்படியே போடலாம், உடனே விலை 25 ஆகாது. மற்றவரின் உச்சம் 18 பவுணாக இருந்தால், அந்த விலை மட்டத்தில் ஒரு படி ஒரு பவுண் என்பதால், விலை 19 இல் நிற்கும், இஞ்சின் உங்களுடையது. அந்த 60 பென்ஸ் எதற்கு? பலர் முழுத் தொகையாக 25 என்று போடுவார்கள். சில்லறைக் காசால் வென்ற சாமான் என் வீட்டில் மூன்று இருக்கிறது.

முன்கூட்டியே போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் எட்டிப் பார்த்தால் மற்றவருக்கும் ரோசம் ஏறும், உங்களுக்கும் ஏறும். நான் கடைசி நிமிடத்தில்தான் போடுகிறேன். இதில் எங்களுக்கு ஒரு பாடு உண்டு. பிரித்தானியர் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு முடியும்படி ஏலத்தை வைக்க விரும்புவார்கள். அது எங்களுக்குக் கோடையில் திங்கள் அதிகாலை 12.30, அவர்கள் மணியை மாற்றிய பிறகு 1.30. முழித்திருக்க முடியாதவர்கள் உச்சத் தொகையைப் போட்டுவிட்டுப் படுங்கள். அரை நித்திரையில் போனைத் தட்டி என்ன நடக்கும் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்பதைக் கேட்பதற்கு முன்னரே வங்கியில் விசாரியுங்கள். வென்றுவிட்டுக் காசு கட்டாமல் விட்டால் கணக்கில் கறுப்புப் புள்ளி விழும். ஏல இல்லங்கள் நடத்தும் நேரடி ஏலங்களும் இணையத்தில் வரும். அங்கே வென்ற விலைக்கு மேல் அவர்களின் பங்கு என்று ஒரு வீதம் தனியாக ஏறும், அதைக் கூட்டாமல் கேட்க வேண்டாம்.

இங்கே கொண்டுவருவது

அனுப்பும் இடத்தை இலங்கை என்று மாற்றிப் பார்த்தால்தான் உண்மைத் தபால் செலவு தெரியும். பல விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பவே மாட்டார்கள். அப்போது அந்தச் சாமான் உங்கள் தேடலில் இருந்தே மறைந்துவிடும். ஆகவே உறவுக்காரர் முகவரியைக் கணக்கில் சேர்த்து, அந்த முகவரியை வைத்துத் தேடுங்கள்.

நேரே தபாலில் எடுத்தால் சுங்கம் உண்டு. உலகச் சுங்க வகைப்பாட்டில் விளையாட்டுப் பொருட்களும் அளவு சுருக்கிய மொடல்களும் 9503 என்ற ஒரே தலைப்புக்குள் வருகின்றன. வரி சாமானின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பிய கூலியையும் சேர்த்த தொகைக்கு. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் இருந்து 18 வீதம், அதோடு மற்ற அறவீடுகளும் சேரும். காசு கட்டி வாங்கியதை 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லி விற்பவரைக் கெஞ்ச வேண்டாம். அது பொய், சுங்கத்தில் விலைச் சீட்டைக் கேட்டால் பிடிபடும்.

கொன்ட்ரோலர் வாங்கும்போது வோல்ற் பாருங்கள். பிரித்தானிய, ஜேர்மன் கொன்ட்ரோலர்கள் எங்கள் 230 வோல்றுக்குச் சரி, பிளக்தான் மாறும். பிரித்தானியச் சதுரமுனை எங்கள் புதுச் சுவர்த்துளைக்குப் பொருந்தும், ஜேர்மன் இரண்டு முனைக்கு அடாப்டர் வேண்டும். அமெரிக்காவில் அல்லது கனடாவில் இருந்து வருவது 120 வோல்ற், யப்பானில் இருந்து வருவது 100. அதை நேரே சொருகினால் ஒரு மணம் வரும், அவ்வளவுதான். ரொறன்ரோ உறவுக்காரரிடம் இஞ்சினும் பெட்டியும் வாங்குங்கள், கொன்ட்ரோலரை லண்டனில் எடுங்கள்.

உறவுக்காரருக்கு ஒரு வேலை கொடுக்கலாம். சாமான் போய்ச் சேர்ந்ததும், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள், சாதாரண 12 வோல்ற் இஞ்சினை 9 வோல்ற் சதுரப் பற்றரியால் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டு வயரின் முனையை இரண்டு பக்கச் சில்லிலும் தொட்டால் போதும். ஊருக்குக் கொண்டுவந்த பிறகு ஓடவில்லை என்று கண்டால் ஒன்றும் செய்ய இயலாது. போன மாதம் லண்டன் மச்சான் இதைச் செய்துவிட்டு இரவு எடுத்தான்.

"சில்லுச் சுத்துது மச்சான். ஆனா பின்னுக்கெல்லோ போகுது, பழுதுபோல கிடக்கு. திருப்பி அனுப்பட்டே?"

"பற்றரியை மற்றப் பக்கம் திருப்பிப் பிடியடா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு ஏதோ மேசையில் இருந்து விழுந்தது கேட்டது.

"முன்னுக்குப் போகுது."